கப்பல் கிளம்பும் நேரமும் குதிரையின் முதுகும்

ஜமைக்காவின் சுற்றுலா விளம்பரங்களைப் புரட்டினால் அடிக்கடி ஒரு படம் கண்ணில் படும். பச்சையும் நீலமுமாகக் கடல். கழுத்து வரை தண்ணீரில் ஒரு குதிரை. அதன் முதுகில் உயிர்காப்புச் சட்டை போட்ட ஒரு பெண்மணி, முகமெல்லாம் பல். பக்கத்தில் இன்னொரு குதிரை, இன்னொரு சிரிப்பு. படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், குதிரையைத் தவிர. குதிரைக்குச் சிரிக்கத் தெரியாது, அது முகம் சுளித்தாலும் பார்க்கிறவருக்குப் புரியாது. விளம்பரக்காரர்களுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இந்தக் குதிரைச் சவாரி என்பது என்ன? காலை ஏழு, எட்டு மணி வாக்கில் ஓச்சோ ரியோஸ், மாண்டேகோ பே, ஃபால்மத் என்று ஏதாவது ஒரு துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும். கப்பல் என்றால் சாதாரணக் கப்பல் இல்லை, ஐயாயிரம் பேர் தங்கக்கூடிய மிதக்கும் ஊர். அதிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வேனில் ஏறி லாயத்துக்கு வரும். தலைக்கவசம் ஒன்று, "விழுந்தால் நீங்களே பொறுப்பு" என்ற காகிதத்தில் கையெழுத்து ஒன்று, ஐந்து நிமிடப் பாடம் ஒன்று. கடிவாளத்தை இந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம், பின்னால் இழுத்தால் நிற்கும், அவ்வளவுதான். பிறகு பதினைந்து இருபது குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி வரிசையாகக் கிளம்பும். கொஞ்சம் காடு, கொஞ்சம் பழைய கரும்பு வயல், கடைசியில் கடற்கரை. அங்கே சேணத்தைக் கழற்றிவிட்டு வெறும் முதுகில் பயணியை ஏற்றிக் கடலுக்குள் இறக்குவார்கள். ஃபோட்டோ எடுப்பார்கள். திரும்பி வருவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கதை முடிந்தது.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். மனிதன் குதிரை மேல் ஏறுவதே பாவம் என்று சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. நாலாயிரம் வருடங்களுக்கு மேலாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறான். நன்றாகப் பராமரித்த குதிரை, தனக்கேற்ற எடை, தனக்கேற்ற நேரம் என்றால் சவாரியால் அதற்குக் கெடுதல் எதுவும் இல்லை. சிக்கல் சவாரியில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கடிகாரம் குதிரையுடையதும் அல்ல, குதிரைக்காரருடையதும் அல்ல. கப்பலுடையது.

கப்பல் மாலை நாலு ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அரை மணி முன்னால் ஏறியாக வேண்டும். தாமதமாக வந்தவரை விட்டுவிட்டே போய்விடுவார்கள். ஆக, காலையில் இறங்கி, வேனில் வந்து, சவாரி முடித்து, மறுபடி வேனில் போய்ச் சேர வேண்டும் என்றால் சவாரிக்கு மிச்சம் இருப்பது ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை. வெப்ப நாடுகளில் மாடு மேய்க்கிறவர்கூட அந்த நேரத்தில் மாட்டை நிழலில் கட்டிவிட்டுத் தானும் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். விடிகாலையும் சாயங்காலமும் வேலை, உச்சி வெயிலில் ஓய்வு என்பது விலங்கு வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த பாலபாடம். அந்தப் பாடத்தைத்தான் கப்பல் கம்பெனியின் கால அட்டவணை தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது.

குதிரைக்காரர்களிடம் ஒரு எளிய கூட்டல் கணக்கு உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பதச் சதவீதத்தை அதோடு கூட்டுவது. கூட்டுத்தொகை 130-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 150-ஐத் தாண்டினால் குதிரை தன் உடம்பைத் தானே குளிர்விக்கத் திணறும். 180-ஐத் தொட்டால் வேலையே கூடாது. இப்போது ஜமைக்காவின் வடக்குக் கரையில் ஒரு கோடைப் பகலை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 88 அல்லது 89, ஈரப்பதம் எழுபதை ஒட்டி. கூட்டினால் 160-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "அப்படியானால் விடிகாலையிலும் ஈரப்பதம் அதிகம்தானே, கூட்டுத்தொகை அப்போதும் 150-ஐத் தாண்டுமே" என்று ஒரு புத்திசாலி மடக்கலாம். சரியான கேள்விதான். தாண்டும். ஆனால் அந்தக் கணக்கில் தலைக்கு மேல் அடிக்கிற வெயில் சேராது. விடிகாலையில் அந்த வெயில் இல்லை, நண்பகலில் இருக்கிறது. அதாவது நாள் முழுவதும் குதிரைக்கு ஏற்கனவே சிரமமான ஒரு தீவில், இருப்பதிலேயே மோசமான நேரத்தைத் தேடிப் பிடித்து அதற்கு வேலை கொடுக்கிறார்கள்.

குதிரையின் வியர்வை மனித வியர்வை போன்றதல்ல. கடுமையாக உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். அந்த வியர்வையில் உப்பு அதன் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், உடம்பு வற்றிக்கொண்டிருக்கும்போதே அதற்குத் தாகம் எடுக்காமல் போகலாம். "வாளியை வைத்தோம், அது குடிக்கவில்லை, ஆகவே நன்றாகத்தான் இருக்கிறது" என்பது குதிரையை அறியாதவர் பேச்சு. "மெல்ல நடப்பதுதானே, இதிலென்ன கடும் உழைப்பு" என்றும் சொல்வார்கள். ஒரு நடை என்றால் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு கப்பல் வந்தால்? லாயத்தில் குதிரைகளின் எண்ணிக்கை கூடாது, வேன்களின் எண்ணிக்கை கூடும். கப்பலிலேயே பணம் கட்டிவிட்டு வந்த பயணியிடம் "குதிரை களைத்திருக்கிறது, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்ல முடியாது. நாளைக்கு அவர் வேறு ஒரு தீவில் இருப்பார்.

அடுத்தது எடை. இதைப் பேசினால் பலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ஒரு குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் சுமக்கலாம் என்பது குதிரை உலகில் நெடுநாளாகப் புழங்கும் விதி. 2008-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எட்டுக் குதிரைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 15, 20 சதவீதச் சுமைக்கு அவை தாங்கின. 25, 30 என்று ஏறியபோது இதயத் துடிப்பு கூடியது, தசை வலிக்கான அறிகுறிகள் தெரிந்தன. சேணத்தின் எடையும் இந்தச் சுமையில் சேர்த்தி என்பதை மறந்துவிடக் கூடாது.

கணக்குப் போடுங்கள். ஜமைக்காவில் சவாரிக்குப் போகும் குதிரைகளில் சில, போர்ட்மோருக்குப் பக்கத்தில் உள்ள கேமனாஸ் பார்க் மைதானத்தில் ஓடி முடித்த பந்தயக் குதிரைகள். மற்றவை கலப்பினம், உருவத்தில் சிறியவை. 450 கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு 90 கிலோ. சேணத்துக்கு 12 கிலோ போனால் மிச்சம் 78. அமெரிக்க ஆணின் சராசரி எடையே 90 கிலோவுக்குப் பக்கம்! கரீபியன் சவாரி விளம்பரங்களில் "250 பவுண்டு வரை ஏறலாம்" என்று போடுகிற இடங்கள் இருக்கின்றன. 250 பவுண்டு என்றால் 113 கிலோ. சேணத்தோடு 125. அதைச் சரியாகச் சுமக்க 625 கிலோ குதிரை வேண்டும். அந்த எடைக்குக் கனத்த ஜாதிக் குதிரைகளைத்தான் தேட வேண்டும். அந்த ஜாதிக் குதிரையைக் கரீபியன் வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. எடை வரம்பு என்று எழுதிப் போட்டிருப்பது குதிரையின் முதுகைப் பார்த்து எழுதியதல்ல, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து எழுதியது.

சரி, கடலுக்கு வருவோம். "குதிரைக்குக் கடல் ரொம்பப் பிடிக்கும்" என்பது இந்த வியாபாரத்தின் மூல மந்திரம். குதிரைக்கு நீந்தத் தெரியும், அதில் சந்தேகம் இல்லை. வெயிலுக்குத் தண்ணீர் இதமாகவும் இருக்கும். ஆனால் குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. நீந்தும்போது மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதற்காகத் தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, முதுகை உள்வாங்கிக்கொள்ளும். நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் அழுத்தும். அந்த நிலைமையில், அந்த முதுகில், பயத்தில் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகிற ஒரு ஆள். இது குதிரைக்குப் பிடித்த விளையாட்டு என்று குதிரையிடம் கேட்டவர் யார்?

இதே கரீபியனில், பார்பேடாஸ் தீவில், கடலும் குதிரையும் சேர்ந்த வேறு ஒரு காட்சி உண்டு. பிரிட்ஜ்டவுனுக்குப் பக்கத்தில் கேரிசன் சவன்னா என்ற பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே ஓடும் குதிரைகளை விடியும் நேரத்தில் பெபிள்ஸ் கடற்கரைக்கு ஓட்டி வந்து கார்லைல் விரிகுடாவில் குளிப்பாட்டுவார்கள். பழகிய பராமரிப்பாளரின் கையில் கயிறு, முதுகில் சுற்றுலாப் பயணி கிடையாது, வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போய்விடும். அதைப் பார்க்கவும் வெளிநாட்டார் வருகிறார்கள், அலாரம் வைத்து எழுந்து, கரையில் நின்று. அங்கே மனிதன் குதிரையின் நேரத்துக்கு எழுந்து வருகிறான். ஜமைக்காவின் கப்பல் சவாரியில் குதிரை மனிதனின் நேரத்துக்கு எழுப்பப்படுகிறது. இரண்டுமே "குதிரையும் கடலும்"தான், விளம்பரத்தில் வித்தியாசம் தெரியாது.

இந்த இடத்தில் வழக்கமான பதில் ஒன்று வரும். "ஏழை நாடு, அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள்." இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள் அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிழைப்பு யாருடையது என்று பார்க்க வேண்டாமா? சவாரியைக் கப்பலுக்குள்ளேயே விற்கிறார்கள். கப்பல் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் கரைக்கு வரும். அதிலிருந்துதான் தீவனம், லாடம், கால்நடை மருத்துவர், லாயக் கூலி எல்லாம். குதிரை, பயணி வந்தாலும் சாப்பிடும், வராவிட்டாலும் சாப்பிடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் நின்றன. ஜமைக்காவுக்கு மறுபடி வரத் தொடங்கியது 2021 ஆகஸ்டில். அந்தப் பதினேழு மாதமும் கப்பலைத் துறையில் கட்டிப் போடலாம், குதிரையின் வயிற்றை எங்கே கட்டிப் போடுவது? இப்படி மெல்லிய லாபத்தில் தொங்குகிற லாயக்காரர் எந்தச் செலவைக் குறைப்பார்? கப்பல்காரனின் பங்கையா? ஓய்வு நாளைக் குறைப்பார், குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பார். இருக்கிற குதிரை இன்னும் ஒரு நடை கூடுதலாகப் போகும். வழிகாட்டிப் பையன்கள் டிப்ஸை நம்பிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். "நோ ப்ராப்ளம்" என்பது ஜமைக்காவின் டி-ஷர்ட் வாசகம் ஆனதே இப்படித்தானோ என்னவோ.

ஆகவே குதிரைக்காரரைக் கொடுமைக்காரர் என்று திட்டிவிட்டுக் கடந்து போவது சுலபம், ஆனால் அநியாயம். ஒட்டுமொத்தமாகத் தடை செய் என்பதும் அப்படித்தான். தடை செய்த மறுநாள் அந்தக் குதிரைகளுக்கு யார் புல் போடுவார்கள் என்று தடை கேட்கிறவர்கள் சொல்வதே இல்லை.

சவாரிப் பாதையைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும். "இயற்கை", "பாரம்பரியம்" என்று விற்கப்படும் இந்தப் பாதைகளில் பல, பழைய சர்க்கரைத் தோட்டங்களின் நிலத்தில் போகின்றன. குதிரையே கரீபியனுக்கு வந்தேறிதான். 1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் ஹிஸ்பானியோலாவுக்குக் கொண்டுவந்து இறக்கியது. 1519-ல் கோர்ட்டெஸ் கியூபாவிலிருந்து மெக்சிகோவைப் பிடிக்கக் கிளம்பியபோது அவரிடம் 16 குதிரைகள் இருந்தன. 1655-ல் ஆங்கிலேயர் ஜமைக்காவைப் பிடித்து, கரும்பை நட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்த பிறகு, குதிரை என்பது துரையின் உயரம் ஆயிற்று. வயலில் குனிந்தவன் கீழே, கணக்குப் பார்த்தவன் மேலே. ட்ரெலானி பாரிஷில் குட் ஹோப் என்ற தோட்டத்தை 1767-ல் ஜான் தார்ப் என்பவர் வாங்கினார். 1804-ல் அவர் இறந்தபோது அவருடைய எஸ்டேட்டுகளில் ஏறத்தாழ 3000 அடிமைகள் இருந்தார்கள். அந்தப் பகுதியின் சர்க்கரை கப்பலேறிய துறைமுகம் ஃபால்மத். 1834-ல் அடிமை முறை சட்டத்தில் ஒழிந்தது, முழு விடுதலை 1838-ல் கிடைத்தது. அதே ஃபால்மத்தில் ராட்சதக் கப்பல்களுக்கென்று புதுத் துறை 2011-ல் திறந்தது. குட் ஹோப் இன்று சுற்றுலாப் பயணிகள் பொழுதுபோக்க வருகிற இடம். வருகிறவர் துரையாக வரவில்லை, விடுமுறையில் வந்திருக்கும் பாவப்பட்ட ஆசிரியையாகவோ நர்ஸாகவோகூட இருக்கலாம். ஆனாலும் குதிரை மேல் உட்காரவைத்து "தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள்" என்று காட்டுகிறபோது, யாருடைய கண் உயரத்திலிருந்து காட்டுகிறோம் என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா? துரை வீட்டின் நாற்காலிகளைப் பற்றி விளக்கம் உண்டு, வயலில் செத்தவர்களைப் பற்றி இரண்டு நிமிடம் கூடக் கிடையாது என்றால் அதற்குப் பெயர் பாரம்பரியம் இல்லை.

அந்தப் பாதை போய் முடிகிற கடற்கரைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. இங்கேதான் ரத்தம் கொதிக்கும். ஜமைக்காவின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1956-ல், காலனி ஆட்சி இருந்தபோதே வந்தது. கடலோர மணலும் கடலின் தரையும் அரசுக்குச் சொந்தம் என்று அது சொல்கிறது. பொதுஜனம் கடலில் குளிக்கலாம் என்ற பொதுவான உரிமையை அது தரவில்லை. கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குச் சொந்த உபயோகத்துக்கு வழி உண்டு, பல காலமாகத் தொழில் செய்த மீனவருக்கு வழி உண்டு, உரிமம் வாங்கிய ஹோட்டலுக்கு வழி உண்டு. சும்மா ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளிக்கப் போகிற ஜமைக்காகாரனுக்கு? அவன் வாயிற்காவலரிடம் பேசிப் பார்க்க வேண்டியதுதான். 2021-ல் தொடங்கிய 'ஜாபெம்' என்ற கடற்கரை உரிமை இயக்கம் இதை எதிர்த்து நீதிமன்றம் ஏறியிருக்கிறது. மாமி பே, லிட்டில் டன்ஸ் ரிவர், பாப் மார்லி பீச், ப்ளூ லகூன் என்று ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வொரு வழக்கு. தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்கள் நடந்த பாதையில் திடீரென்று சுவர் எழும்புகிறது என்பதுதான் புகார்.

இப்போது குதிரைச் சவாரியை மறுபடி பாருங்கள். வழிகாட்டிப் பையன் பகலெல்லாம் அந்நியரைக் கடலுக்குள் கூட்டிப் போகிறான். குதிரைக்கு அனுமதி உண்டு, குதிரை மேல் இருப்பவருக்கு உண்டு, சம்பள நேரத்தில் அவனுக்கும் உண்டு. வேலை முடிந்து, சீருடையைக் கழற்றி, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அதே போன்ற ஒரு கரைக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தப்படலாம். 2023-ல் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்து போன தீவில், தீவுக்காரன் தன் கடலில் கால் நனைக்க வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது! குதிரையின் பகலை எடுத்துக்கொண்ட அதே ஏற்பாடுதான் அவனுடைய கரையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. வந்து போகிறவரின் வசதிக்கு முன்னால் தங்கி வாழ்கிறவரின் உடம்பும் நேரமும் நிலமும் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு.

செய்ய முடியாத காரியம் எதையும் இங்கே யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்கு மேல் சவாரி இல்லை, சாயங்காலம் வேண்டுமானால் உண்டு என்று அரசு ஒரு விதி போடட்டும். கப்பல்காரர்கள் குய்யோ முறையோ என்பார்கள். நேரத்தை மாற்றிக்கொள்வார்கள், அல்லது பயணி குதிரைக்குப் பதிலாகக் கடைத்தெருவைச் சுற்றட்டும். ஹோட்டலில் நாலு நாள் தங்குகிறவர் காலை ஆறரைக்கு எழுந்து வருவதில் ஒரு கஷ்டமும் இல்லை, அந்தக் காசு லாயக்காரருக்கு நேராகவே போகும். எடை வரம்பைக் குதிரைக்குக் குதிரை தனித்தனியாக எழுதி லாயத்து வாசலில் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு குதிரையும் இன்று எத்தனையாவது நடை போகிறது என்று ஒரு கரும்பலகை. கரும்பலகைக்கும் சாக்பீஸுக்கும் என்ன செலவாகிவிடும்?

2025 அக்டோபர் 28 அன்று மெலிசா புயல் ஜமைக்காவின் தென்மேற்குக் கரையில் ஏறி, தீவின் மேற்குப் பகுதியைப் புரட்டிப் போட்டது. அந்தத் தீவில் இதற்கு முன் எந்தப் புயலும் அவ்வளவு வேகத்தோடு கரையேறியதில்லை. கூரை போனவர்கள் கூரை போடுகிறார்கள், வேலி போனவர்கள் வேலி போடுகிறார்கள். வேலியை எந்த இடத்தில் போடுவது, கடற்கரைக்குப் போகும் பழைய ஒற்றையடிப் பாதைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, லாயத்தைத் திறக்கும்போது முதல் சவாரி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முடிவாகிற நேரம் இதுதான். இந்த நேரத்தில் கப்பலில் சவாரிக்குப் பணம் கட்டப் போகிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "என்னை ஏற்றப் போகிற குதிரை அன்றைக்கு அதற்கு முன்னால் எத்தனை பேரை ஏற்றியிருக்கும்?" விற்கிறவருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று அவர் வாயால் சொல்லவைத்துவிட்டு, பணத்தை மறுபடி பையில் போட்டுக்கொள்ளலாம்.